வாழை மரத்துக்கு ஒரு வேட்டை முனை

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் விஜயதசமியன்று வாழை மரத்தில் அம்பு போடுவார்கள். அந்த மரியாதை இரண்டு வீடுகளுக்கு உண்டு. ஒரு வருடம் எங்கள் வீடு, மறு வருடம் என் சித்தப்பா மகன் குணசேகரன் வீடு. நான் அமெரிக்காவில் விஸ்கான்சினுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவன் வருடத்துக்கும் அவனே போட்டான், என் வருடத்துக்கும் அவனே போட்டான். தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலையோடு நிற்கும் போட்டோவை ஒவ்வொரு முறையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். ‘உங்க சார்பா போட்டாச்சுண்ணே’ என்று கீழே எழுதியிருப்பான். நான் பதிலுக்கு ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிட்டு, அன்று முழுக்க வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

இந்த வருடம் கோயில் தர்மகர்த்தா போன் செய்தார். “தம்பி, முறை உங்களுது. வந்து போடுங்க. வர முடியலைன்னா சொல்லிடுங்க, குணா வீட்டுக்கே நிரந்தரமா விட்டுடுறோம். ஊருக்குப் பக்கத்துலயே இருக்கறவரு அவருதானே” என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை டிக்கெட் எடுக்க வைத்தது.

எனக்கு வில் பிடிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விஸ்கான்சினில் இலை உதிரத் தொடங்கிவிட்டால் பாதிப் பேர் மரத்தில் ஏறி உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பார்கள். ஆபீஸ் நண்பர் ஒருவர் என்னையும் ஏற்றிவிட்டார். வகுப்புக்குப் போய், லைசென்ஸ் எடுத்து, இரண்டு முனையிலும் கப்பி வைத்த வில் வாங்கி, முறையாகப் பழகியவன் நான். குணா பிடிப்பது மூங்கில் வில். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, ஓடவும் முடியாத ஒளியவும் முடியாத ஒரு வாழை மரத்தை அடிக்கிறான். அவனுக்கு மாலை, எனக்கு மரத்தின் மேல் உட்கார்ந்து குளிர். இது என்ன நியாயம்?

ஆகவே முனை தேர்வு செய்யக் கிளம்பினேன். வேட்டை அம்பின் நுனியில் திருகி மாட்டுகிற கத்திக்கு அங்கே பிராட்ஹெட் என்று பெயர். நான் முனை என்றே சொல்கிறேன். விஸ்கான்சினில் நான் போகிற கடையில் ஒரு சுவர் முழுக்க முனைகள் தொங்கும். புடவைக் கடையில் என் மனைவி நிற்பது போல நான் அங்கே நிற்பேன். எடுத்துக் காட்டச் சொல்லி, பார்த்து, திருப்பிக் கொடுத்து, கடைசியில் முதலில் பார்த்ததையே மறுபடி கேட்பேன்.

ஒரு ரகத்தில் பிளேடுகள் மடங்கியிருக்கும், பட்டவுடன் விரியும். பறக்கும்போது நேராகப் போகும், உண்மைதான். ஆனால் அம்மன் முன்னால் விரியாமல் அடம் பிடித்தால் யாரிடம் போய் வாரண்டி கேட்பது? எனக்கு எப்போதும் பிளேடு அசையாமல் பதிந்திருக்கிற ரகம்தான். அதில் ஆடுகிற பாகம் இல்லை, அதனால் சிக்கிக்கொள்ளவும் வழியில்லை. அதிலும் இரண்டு பிளேடா, மூன்று பிளேடா என்று வேட்டைக்காரர்களுக்குள் பெரிய வழக்கு நடக்கும். மூன்று பிளேடு அகலமாக வெட்டும், ஆனால் சீக்கிரம் நின்றுவிடும். காற்றிலும் கொஞ்சம் அலையும். இரண்டு பிளேடு ஒடுக்கமாக வெட்டும், ஆனால் எதிர்ப்பட்டதைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மானுக்கு அதுதான் நல்லது. வலி தெரிவதற்குள் முடிந்துவிடும்.

“எதை அடிக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“வாழை மரத்தை.”

போனில் படம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். “எலும்பு இருக்குமா?” என்றார். இருக்காது என்றேன். “திருப்பித் தாக்குமா?” தாக்காது என்றேன். “அப்படியானால் இதில் எதை மாட்டினாலும் அந்தப் பக்கம் போய்விடும். இதற்கு ஏன் காலையிலிருந்து நிற்கிறீர்கள்?” என்றார். அவருக்குப் பங்காளி கிடையாது. சொன்னால் புரியாது.

அந்தப் பக்கம் போவதுதான் எனக்கும் வேண்டியது. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா போட்ட அம்பும் சரி, சித்தப்பா போட்ட அம்பும் சரி, வாழையில் பாதி ஏறி அப்படியே நிற்கும். மூங்கில் வில்லுக்கு அவ்வளவுதான் தெம்பு என்று முடிவு கட்டியிருந்தேன். என் அம்பு மரத்தைத் துளைத்துக்கொண்டு போனால் ஊர் வாயைப் பிளக்கும். குணாவின் போட்டோக்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிடும்.

கடைசியில் ஒரே இரும்பில் செய்த இரண்டு பிளேடு முனைகள் அடங்கிய டப்பா ஒன்றை வாங்கினேன். வீட்டில் ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து, முனையை அதன்மேல் மெல்ல வைத்தேன். அழுத்தாமலே அறுந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, “மானுக்குக்கூட நீங்க இப்படித் தீட்டினதில்லை” என்றாள். அம்புச் சாமான்கள் போடும் பையின் அடியில் பழைய மூன்று பிளேடு முனை ஒன்றும் கிடந்தது. பழகிய புதிதில் வாங்கிய மட்டச் சரக்கு, அடித்து அடித்து மழுங்கியது. எடுத்து வெளியே போடச் சோம்பல்பட்டு அப்படியே பையை மூடினேன்.

திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய காலையிலேயே பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுங்க அதிகாரி பொறுமையான மனிதர். வில்லைப் பார்த்தார், அம்புகளைப் பார்த்தார், முனை டப்பாவைப் பார்த்தார், பேப்பர்களையெல்லாம் வரி விடாமல் படித்தார். “சினிமா ஷூட்டிங்கா சார்?” என்றார். கோயிலுக்கு என்றேன். எந்தக் கோயில் என்று கேட்டார். திருவெள்ளறை தாண்டி, துறையூர் போகிற வழியில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அட, நம்ம பெயிண்ட் கடை குணா ஊரு! அவருதானே அங்க அம்பு போடுவாரு? வீடியோ பாத்திருக்கேன் சார். சும்மா கும்முனு நிக்கும் அம்பு” என்றார்.

உலகத்தைப் பாதி சுற்றி வந்து, சொந்த மண்ணில் கால் வைத்து, முதலில் காதில் விழுந்த பெயர் குணா. என் பெயர் மதியழகன் என்று பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அதை அவர் படித்தும் இருந்தார்.

வெளியே குணா ஸ்கூட்டரில் வந்து நின்றுகொண்டிருந்தான். கார் சர்வீசுக்குப் போயிருக்கிறதாம். வில் பெட்டி ஆள் உயரம் இல்லாவிட்டாலும் ஸ்கூட்டரில் அடங்குகிற சாமான் இல்லை. என்னையும் பெட்டியையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே வந்தான். பாலக்கரை தாண்டுவதற்குள் ஆட்டோ பஞ்சர். “டவுன் பஸ்ல ஏறிடுங்கண்ணே, ஸ்ரீரங்கத்துல நம்ம வீட்டு ஸ்டாப்புல நான் நிப்பேன்” என்றான் குணா. சூட்கேஸை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

நவராத்திரிக் கூட்டம். பெட்டியை நட்டமாக நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் போட்டார். எனக்கு அருகே ஆந்திராவிலிருந்து வந்த யாத்ரிகர்கள், கணவனும் மனைவியும். அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டது எனக்குப் புரிந்தது. “உள்ளே வீணை போலிருக்கிறது. பாவம், வித்வான், பஸ்ஸில் வருகிறார்” என்றாள் அந்த அம்மாள். கணவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் திருத்தவில்லை. வந்த இடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, உட்கார்ந்தபடியே நீர் போவதைப் பார்த்தேன். ஆறு நிறையத் தண்ணீர். விஸ்கான்சினில் எங்கள் வீட்டருகே ஒரு ஏரி இருக்கிறது, அதைப் பார்க்கப் பார்க்கிங் கட்டணம் கட்ட வேண்டும். குணாவுக்கு இது மொட்டைமாடியிலிருந்து தெரியும், காபி டம்ளரோடு.

அவன் வீடு அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம். அவன் மனைவி அமுதா, “வாங்க மாமா, எளைச்சுட்டீங்களே” என்று சொல்லி, கேட்காமலே தட்டில் மூன்றாவது தோசையை வைத்தாள். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் இருந்தன. நான் இளைக்கவில்லை. ஆனாலும் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. இதையும் இவன் தினம் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குணா என்னை டிபனுக்கு அழைத்துப் போனான். பொங்கலில் நெய் மிதந்தது, வடை முறுகலாக இருந்தது. குறை சொல்ல ஆசைப்பட்டேன், முடியவில்லை. சர்வர் குணாவைப் பார்த்ததும் சர்க்கரை குறைச்சலான காபியைக் கொண்டு வந்து வைத்தார். அவன் கேட்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, “சாருக்கு மினரல் வாட்டரா?” என்றார். இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். விஸ்கான்சினில் நான் வருடக்கணக்காகப் போகிற காபிக் கடையில் கப்பின் மேல் இன்றுவரை என் பெயரைச் சரியாக எழுதியதில்லை. இங்கே பெயரே கேட்கவில்லை.

உத்தர வீதியில் நடந்தோம். பூக்காரம்மா குணாவை விசாரித்தார், ஆட்டோக்காரர் விசாரித்தார், பசு மாடு ஒன்றுதான் விசாரிக்கவில்லை. நெற்றியில் திருமண் துலங்க எதிரே வந்த கோயில்காரர் ஒருவர் நின்றார். “குணா, தசமிக்கு ஊருக்குப் போறீரா? இங்கே பெருமாள் அம்பு போடறார், அங்கே நீர் போடறீர். ரெண்டையும் சேவிக்கணும்னு எனக்கு ஆசை” என்றார்.

“இந்த வருஷம் எங்க அண்ணன் போடுறாருங்க சாமி. அமெரிக்காவுலேருந்து இதுக்குன்னே வந்திருக்காரு” என்றான் குணா.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்படியா” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்ட பொங்கல் அதற்கு மேல் செரிக்கவில்லை.

அன்று வெயில் தாழ்ந்ததும் கொள்ளிடத்து மணலுக்குப் போனோம். விமானத்தில் பெட்டியை எப்படியெல்லாம் போட்டார்களோ, வில் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஒரு சாக்கில் தேங்காய் நாரை அடைத்து மணல்மேட்டில் சாய்த்து வைத்தோம். முதலில் சாதாரணக் கூர்முனை அம்பு, பிறகு பிளேடு முனை மாட்டிய அம்பு. நல்ல நிலையில் இருக்கிற வில்லில் இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை. பிளேடு அம்பு இடப்பக்கம் விலகியது. அம்பு உட்காரும் தாங்கியை மயிரிழை நகர்த்தி, அடித்து, மறுபடி நகர்த்தி, இரண்டும் ஒட்டி விழும்வரை விடவில்லை. குணா ஒவ்வொரு அம்புக்கும் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

“யப்பா, சத்தமே இல்லாம போகுதேண்ணே. மானுக்குத் தெரியவே தெரியாதா?” என்றான். மான் என்ற சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னான். ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவன் அல்லவா.

“தெரியாது. நல்ல முனைன்னா உள்ள நிக்காது, அந்தப் பக்கம் போயிடும்” என்றேன். எனக்கே என்மேல் ஒரு பிரியம் வந்தது.

குணா முனை டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தான். கொஞ்சம் தயங்கினான். “அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டுக்கு ஒரு அம்புதான். முதல் வீட்டு அம்பு நிக்கலைன்னா அடுத்த வீட்டுக்காரன் தயாரா நிக்கணும், அது வழக்கம். நீங்க போட்டா எதுக்கு என்னுது? ஆனாலும் பேருக்கு ஒண்ணு கையில வச்சிருக்கணும்ல. இதுல ஒண்ணு குடுத்தீங்கன்னா மாட்டிக்குவேன். ஆசையா இருக்கு” என்றான்.

டப்பாவில் தீட்டிய முனைகள் மிச்சம் இருந்தன. ஒன்றைக் கொடுத்திருக்கலாம். கை அந்தப் பக்கம் போகவே இல்லை. தப்பித்தவறி அவன் போடும்படி ஆகி, அவன் அம்பும் என் அம்பு போலவே பாய்ந்துவிட்டால்? பையின் அடியில் துழாவி அந்தப் பழைய மூன்று பிளேடு முனையை எடுத்தேன். ஒரு அம்பில் திருகி, அம்போடு சேர்த்தே கொடுத்தேன்.

“உங்களுக்கு ரெண்டு பிளேடு, எனக்கு மூணாண்ணே?” என்றான். பெரியதை அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து நெகிழ்ந்துபோனான். நான் நதியைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஆயுத பூஜை. குணாவின் பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்கு மாலை, ஏணிக்குப் பொட்டு, ஸ்கூட்டருக்கு வாழைக்கன்று. பொரியும் கடலையும் வெல்லமும் குவித்திருந்தார்கள். அமுதா என் வில்லையும் அம்புகளையும் வாங்கிக்கொண்டுபோய் நடுவில் வைத்தாள். தடுப்பதற்குள் ஒவ்வொரு முனையிலும் கட்டை விரலால் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்துவிட்டாள்.

பிளேடில் ஒரு பக்கம் சந்தனம் காய்ந்து நின்றால் அம்பு சுழலும்போது தடுமாறும். கொள்ளிடத்தில் பட்ட பாடெல்லாம் வீண். பூஜை முடிந்து எல்லோரும் பூசணிக்காய் உடைக்கத் தெருவுக்குப் போன சமயத்தில் என் முனையை மட்டும் கர்ச்சீப்பால் துடைத்தேன். அமுதா அதைப் பார்த்துவிட்டாள்.

“மாமா, சாமி பொட்டைத் தொடைக்கறீங்களே?”

“பறக்கும்போது சாயும்மா” என்றேன்.

“அப்ப அவருது?” என்று குணாவின் அம்பைக் காட்டினாள்.

“அது இருக்கட்டும், பரவாயில்ல” என்றேன். அவள் பொரியில் வெல்லம் கொஞ்சம் அதிகமாகப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

விஜயதசமியன்று குணாவின் கார் சர்வீசிலிருந்து வந்துவிட்டது. டோல்கேட்டில் கொஞ்சம், மண்ணச்சநல்லூரில் கொஞ்சம் என்று நெரிசலில் நின்று நின்று போனோம். வழியெல்லாம் லாரிகளின் முன்னால் வாழைக்கன்றுகள் ஆடின. விஸ்கான்சினில் வேட்டைக்குப் போகிற நாளில் காரில் யாரும் பேசமாட்டார்கள். இங்கே குணா வாய் ஓயாமல் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. தோற்பவனுக்குச் சொல்வது போல இருந்தது.

கோயில் தெரு முனையில் குளத்தங்கரைக்கு முன்னால் வாழை மரம் நட்டு, வன்னிக் கிளை செருகியிருந்தார்கள். கரை மேடாக இருந்ததால் அம்பு எப்படிப் போனாலும் ஆபத்தில்லை. இருந்தும் மரத்தின் பின்னால் யாரும் நிற்காமல் கயிறு கட்டச் சொன்னேன். மேளம் முழங்கியது. அம்மன் குதிரை வாகனத்தில் வந்து நின்றாள். நான் வில்லைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், “இது வில்லா, கெணத்து ராட்டினமா?” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று இருந்தேன்.

தர்மகர்த்தா சட்டையில்லாமல், இடுப்பில் பட்டுத் துண்டோடு முன்னே வந்தார். “அம்பு நின்னதும் பூசாரி அதுக்குக் கற்பூரம் காட்டுவாரு. அப்பறம் உங்களுக்குப் பரிவட்டம். போடுங்க தம்பி” என்றார்.

இழுத்தேன். மூச்சை அடக்கினேன். வாழையின் நடு மார்பில் குறி வைத்து அம்பை விட்டேன்.

இவ்வளவு சுத்தமாக நான் எந்த அம்பையும் விட்டதில்லை. ‘சளப்’ என்று மெலிதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். மரம் அசையக்கூட இல்லை. அம்பு அதைத் துளைத்துக்கொண்டு குளத்தங்கரைப் புல்லுக்குள் போய் மறைந்தது. நான் நினைத்து நினைத்து ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

கைதட்டலுக்காகத் திரும்பினேன். மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி நின்றார். “தப்பிருச்சு” என்றது ஒரு குரல்.

“தப்பல! பட்டுச்சு! ஊடுருவிப் போயிருச்சு!” என்று கத்தினேன். தர்மகர்த்தாவை மரத்தருகே இழுத்துக்கொண்டு போனேன். மெல்லிய கீறல் ஒன்று, அதுவும் ஈரத்தில் ஒட்டி மூடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சாறு கசிந்தது. அவர் குனிந்து தடவிப் பார்த்தார்.

“கீறல் இருக்கு தம்பி. நான் இல்லைங்கல. ஆனா கற்பூரத்த எதுக்குக் காட்டுறது? அம்பு நின்னா அம்மன் நம்ம ஊர்ல தங்கிட்டான்னு அர்த்தம். உங்களுது நிக்காமப் போயிருச்சே” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

கூட்டத்தில் யாரோ, “ஆளு மாதிரியேதான் அம்பும். தாண்டிப் போயிருச்சு” என்றார்கள். இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

குணா தயங்கித் தயங்கி முன்னே வந்தான். “அண்ணே, இன்னொரு தடவ நீங்களே...” என்று தர்மகர்த்தாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “வீட்டுக்கு ஒண்ணுதான்ப்பா” என்றார் அவர். நான் தலையாட்டினேன். குணா மூங்கில் வில்லை எடுத்தான். நான் கொடுத்த அம்பைப் பூட்டினான். பிளேடுகளில் சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்திருந்தன. அவன் விட்ட அம்பு என் கண்ணுக்கே தெரியும்படி, கொஞ்சம் வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று. மழுங்கிய மூன்று பிளேடும் வாழையில் பொத்தென்று இறங்கி, பாதியில் நின்றன. அம்பு மரத்தில் அதிர்ந்தபடி நின்றது.

குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. பூசாரி கற்பூரம் காட்டினார். குணாவின் தலையில் பரிவட்டம் ஏறியது. “இனிமே இது குணா வீட்டோடயே இருக்கட்டும், என்ன தம்பி?” என்று தர்மகர்த்தா எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். இருக்கட்டும் என்றேன். எங்கள் அப்பா வீட்டு மரியாதை அதோடு போயிற்று.

குணா சும்மா இருந்திருக்கலாம். மைக்கை வாங்கினான். “இந்த முனை எங்க அண்ணன் எனக்குன்னு அமெரிக்காவுலேருந்து கொண்டாந்து, அவரு கையாலேயே மாட்டிக் குடுத்தது. அவருக்கு ரெண்டு பிளேடு வச்சுக்கிட்டு எனக்கு மூணு பிளேடு குடுத்தாரு” என்றான். ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். சற்று முன் சிரித்தவர்கள்தான். “பங்காளின்னா வெட்டிக்குவாங்க. நீங்கதாங்க அண்ணன்” என்று ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மேளம் மறுபடி தொடங்கிவிட்டது. சத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது எல்லோரும் புளியோதரைப் பந்திக்குப் போய்விட்டார்கள். குணா மட்டும் குளத்தங்கரைப் புல்லில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான், தலையில் பரிவட்டத்தோடு. அருகில் போனேன். என் அம்பு கிடைத்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்தான்.

“பாருங்கண்ணே! இறகெல்லாம் வாழைச் சாறு. நடு மரத்துல புகுந்து வந்திருக்கு. இத நான் எல்லார்கிட்டயும் காட்டாம விடமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே முனையில் ஒட்டிய மண்ணைக் கட்டை விரலால் வழித்தான்.

“தொடாதே!” என்றேன். அதற்குள் விரல் பிளந்துவிட்டது. இரத்தம் மணிக்கட்டுவரை ஓடியது. குணா விரலைப் பார்த்தான், முனையைப் பார்த்தான். பிறகு திரும்பி, மரத்தில் நின்ற தன் அம்பைப் பார்த்தான். பூஜையில் வைக்கும்வரை அவன் அந்த மூன்று பிளேடுகளை ஆசை ஆசையாகத் தடவிக்கொண்டே இருந்தான். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அது அவன் நினைவுக்கு வந்ததை நான் அவன் முகத்தில் பார்த்தேன். எது நல்லது, எது மட்டம், எதை நான் வைத்துக்கொண்டேன், எதைக் கொடுத்தேன் என்று எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு திட்டு திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

“நல்லவேளைண்ணே, நீங்க எனக்கு அதக் குடுத்தீங்க” என்றான் குணா.

பரிவட்டத்தை அவிழ்த்து அதன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டான். பிறகு என் அம்பைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி, “அண்ணன் அம்பும் பட்டிருக்கு! இந்தா பாருங்க, அண்ணன் அம்பும் பட்டிருக்கு!” என்று கத்திக்கொண்டே பந்தியை நோக்கி ஓடினான். காவிரி தெரியும் வீட்டுக்கும், கேட்காமல் வருகிற காபிக்கும், அந்த மரியாதைக்கும் அவன்மேல் எனக்கு இருந்த பொறாமை கொஞ்சமில்லை. கரைமேல் நின்று அவன் ஓடுவதைப் பார்த்தபோது பொறாமைப்பட்ட அளவுக்கு நான் என்றுமே பட்டதில்லை.